ஆடும் பிள்ளையும் ஆடாத படமும்

ஒன்றரை வயதுப் பிள்ளையை ஒரு கதிரையில் இருத்தி, அதன் முகத்தைக் கமராவின் பக்கம் திருப்பி, ஒரு கணம் அசையாதிருக்கச் செய்து படம்பிடிக்க முயன்ற பெற்றோர் யாவரும் ஒரே அனுபவத்தையே பெற்றிருப்பர். கூடையால் மூடாத கோழிக்குஞ்சை முற்றத்தில் ஓரிடத்தே நிறுத்தி வைக்க முயல்வதற்கு அஃது ஒப்பானது. தகப்பனார் திறப்புக் கோவையைக் கிலுக்குவார், தாயார் கைதட்டுவார், பெரியம்மா பெயர் சொல்லிக் கூப்பிடுவார், அப்பப்பா கைத்தடியால் நிலத்திலே தட்டுவார். நான்கு திசைகளிலிருந்து நான்கு ஓசைகள்! பிள்ளை நான்கு பக்கமும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஈற்றில் கதிரையை விட்டு இறங்கி நடந்துவிடும். எஞ்சுவது வெறுங் கதிரையின் படம். அன்றேல் அழுத முகத்தின் படம்.

இதிற் குற்றம் பிள்ளையினுடையதன்று என்பதற்கு எங்கள் வீட்டிலேயே ஒரு சான்று உண்டு.

1975ஆம் ஆண்டு தைப்பொங்கல் கழிந்த கிழமை என்று நினைவு. எனக்கு ஒன்பது வயது. தம்பிக்கு ஒன்றரை வயது. அம்மா எங்களிருவரையும் யாழ்ப்பாணப் பட்டணத்தில் இருந்த ஒரு புகைப்பட நிலையத்துக்கு அழைத்துச் சென்றார். அம்மம்மாவும் உடன் வந்தார். மூன்று கால்களின் மேல் நின்றது ஒரு பெரிய கமரா. அதன் பின்னே கறுப்புத் துணி தொங்கிற்று. படப்பிடிப்பாளர் அத்துணிக்குள் தலையை நுழைப்பார்; பின்னர் வெளியே எடுப்பார்; மறுபடியும் நுழைப்பார். தம்பி முதலில் விழித்துப் பார்த்தான். அடுத்த முறை தலை வெளியே வந்தபோது அவனுக்கு விடயம் விளங்கிவிட்டது. இம்மனிதர் தன்னோடு ஒளித்துப் பிடித்து விளையாடுகிறார்! கதிரையின் கையைப் பற்றியபடி தலையை ஆட்டி ஆட்டிச் சிரித்தான். அவ்வேளையிலேதான் படப்பிடிப்பாளர் ரப்பர்க் குமிழை அழுத்தினார்.

"ஆடாமல் இரு, தம்பி! படம் பழுதாய்ப் போச்சு" என்று அவர் அதட்டினார். தம்பியின் சிரிப்பு நின்றது. இரண்டாவது படத்தில் அவன் அசையவேயில்லை. கண்கள் அகல விரிந்து, உதடுகள் இறுகி, நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டவன் போல இருந்தான். படம் மிகவும் தெளிவு. அதைத்தான் அம்மா காசு கொடுத்து வாங்கிச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டினார். பழுதான படத்தை எறிந்துவிட வேண்டாமென்று அம்மம்மா கேட்டு வாங்கித் தம் கொட்டைப்பெட்டிக்குள் வைத்துக்கொண்டார்.

அந்த இரண்டு படங்களுக்கும் பின்னர் நேர்ந்ததைக் கடைசியிற் சொல்கிறேன். பிள்ளை அசையக்கூடாது என்ற இக்கட்டளை எங்கிருந்து வந்தது என்பதை முதலில் நோக்குவோம்.

அது கமராவின் பலவீனத்திலிருந்து வந்தது. 1839ஆம் ஆண்டு பிரான்சு தேசத்தில் டகேர் என்பவரின் படப்பிடிப்பு முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டபோது, ஒரு படத்துக்குப் பல நிமிட வெளிச்சம் வேண்டியிருந்தது. வளர்ந்தோரின் தலை அசையாதிருக்கப் பின்புறத்தில் இரும்புக் கவ்வியொன்றை வைத்துப் பிடித்தார்கள். பச்சிளங் குழந்தைக்குக் கவ்வி பூட்ட இயலாதே! ஆதலால் தாயைக் கதிரையில் இருத்தி, அவளைத் தலைமுதல் கால்வரை துணியால் மூடி, அவள் மடியிலே பிள்ளையை வைத்துப் படமெடுத்தார்கள். அக்காலத்து ஐரோப்பியப் படங்கள் சிலவற்றைக் கூர்ந்து நோக்கினால், பிள்ளைக்குப் பின்னால் இருப்பது கதிரையன்று, முகமூடிய தாய் என்பது தெரியவரும். பிற்காலத்துப் படப்பிடிப்பாளர் சிலர், குழலில் ஊதினாற் சத்தமிடும் பித்தளைக் குருவியொன்றைக் கமராவின் அருகே வைத்திருந்தனர். "இஞ்சை பார், குருவி வருகுது" என்று நாம் இன்றும் பிள்ளைகளை ஏய்ப்பது அக்குருவியின் எச்சமே.

எங்கள் நாட்டின் மண்ணிலே உறங்கும் ஒருவரின் கதையும் இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறது. ஜூலியா மார்கரெட் கமரன் என்னும் ஆங்கிலப் பெண்மணிக்கு 1863ஆம் ஆண்டில், அவரது 48ஆவது வயதில், மகள் ஒரு கமராவைப் பரிசாகக் கொடுத்தார். தொடக்க நாட்களில் ஒருமுறை அவர் இரண்டு பிள்ளைகளை வைத்துப் படமெடுத்துக் கொண்டிருக்கையில், பாதி நேரம் கழிந்த நிலையில், ஒரு பிள்ளை அடக்கமாட்டாமற் சிரித்துவிட்டது. படம் போயிற்று. பின்னர் ஒரு சிறுமியைத் தனியே இருத்தி, நீ அசைந்தால் என் மருந்துகளும் உழைப்பும் வீணாகிவிடுமே என்று நயந்து பேசி, 1864இல் எடுத்த படத்தையே அவர் தமது முதல் வெற்றி என்று சொல்லிக்கொண்டார். அவர் பின்னர் புகழ்பெற்ற படப்பிடிப்பாளராகி, 1875இல் கணவருடன் இலங்கைக்கு வந்து, 1879இல் இங்கேயே காலமானார். அவருடைய கல்லறை போகவந்தலாவை தூய மரியாள் ஆலய வளவில் இருக்கிறது. கமரன் அம்மையாருக்கு வாய்த்த சிறுமி பத்து வயதை அண்டியவள். சொன்னாற் கேட்கும் வயது. ஒன்றரை வயதுப் பிள்ளையிடம் மருந்தின் விலையைச் சொல்லிப் பயனென்ன?

நிற்க. இன்றைய கமராவுக்கு அந்தப் பலவீனம் இல்லை. கணக்கொன்று சொல்கிறேன். ஓடித் திரியும் ஒரு சிறு பிள்ளை விநாடிக்கு ஒரு மீற்றர் தூரம் நகர்வதாக வைத்துக்கொள்வோம். கமராவின் கதவு ஒரு விநாடியின் 30இல் ஒரு பங்கு நேரம் திறந்திருந்தால், அதற்குள் பிள்ளை மூன்று சென்றிமீற்றருக்கு மேல் நகர்ந்துவிடும். அது ஒரு கண்ணின் அகலம். ஆகவே முகம் கலங்கும். 500இல் ஒரு பங்கு நேரமானால், நகர்வது இரண்டு மில்லிமீற்றர் மாத்திரமே. கண்ணிமையின் மயிர்கள்கூடத் தெளிவாக விழும். எனவே கமராவில் வேகத்தைத் தெரிவுசெய்யும் வசதி உள்ளவர்கள் 250இல் ஒரு பங்குக்குக் குறையாமலும், ஓடும் பிள்ளைக்கு 500இல் ஒரு பங்காகவும் வைத்துக்கொள்வார்களாக. அவ்வேகத்துக்குப் போதிய வெளிச்சம் வேண்டும். வெளிச்சம் குறைந்தால் ஐ.எஸ்.ஓ. எண்ணை 800, 1600 என்று உயர்த்தலாம். படத்திற் சிறிது மணல் தூவினாற் போலிருக்கும். மணல் தூவிய முகத்தை முகமென்று சொல்லலாம். கலங்கிய முகத்தை அவ்வாறு சொல்ல முடியாது.

ஆகவே அசையாதிருக்க வேண்டிய கடமை பிள்ளையை விட்டு நீங்கிவிட்டது. நாம்தான் பழைய கட்டளையை இன்னும் விடாமற் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

வெளிச்சத்தைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனெனில் முக்காற்பங்கு படங்கள் கெடுவது அங்கேதான். எங்கள் நாட்டில் நண்பகல் வெயில் ஏறக்குறைய உச்சந்தலையில் விழுகிறது. அப்போது முற்றத்தில் நிறுத்திப் படமெடுத்தால் கண்குழிகள் இரண்டும் கறுத்து, மூக்கின் கீழ் மீசைபோல் ஒரு நிழல் விழும்; பிள்ளையும் கண்ணைக் கூசிக்கொள்ளும். மாமர நிழல் நல்லதென்று எண்ணுவோர் பலர். இலைகளினூடே விழும் வெயில் முகத்திற் புள்ளி புள்ளியாய்ப் படிவதை அவர்கள் வீட்டுக்கு வந்த பின்னரே காண்பர். இலைகளின் பச்சைநிறமுங்கூடக் கன்னத்தில் ஏறிவிடும்.

எங்கள் வீடுகளிற் படமெடுப்பதற்கென்றே கட்டியதுபோன்ற ஓரிடம் உண்டென்றால் அது முன் விறாந்தை. விறாந்தையின் விளிம்பிலிருந்து உள்ளே ஒரு மீற்றர் தூரத்தில், முற்றத்தைப் பார்த்தபடி பிள்ளை விளையாடட்டும். தலைக்குமேற் கூரை இருப்பதால் வெயில் விழாது. முற்றத்து வெண்மணலிற் பட்டுத் திரும்பும் ஒளி கீழிருந்து வந்து கண்களை நிரப்பும். கண்மணியில் ஒரு சிறு வெள்ளைப் பொட்டுப்போல் அவ்வொளி தெரியும். அதுவே படத்துக்கு உயிர். கொழும்பில் மாடிவீடுகளில் வசிப்போருக்கு விறாந்தை இல்லையேல் பெரிய யன்னல் ஒன்று போதும். யன்னலுக்குப் பக்கவாட்டில், ஒரு மீற்றர் அளவில் பிள்ளை இருக்க வேண்டும். யன்னலை விட்டு அறையின் நடுப்பக்கம் போகப்போக வெளிச்சம் நாம் நினைப்பதிலும் விரைவாகக் குறையும். எங்கள் கண் அதற்குப் பழகிவிடுவதால் அது நமக்குத் தெரிவதில்லை, கமராவுக்குத் தெரியும். மறுபக்கத்துக் கன்னம் இருண்டாற் ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பைக் கதிரையின் முதுகில் விரித்து அப்பக்கத்தில் வைத்துவிடுங்கள். மின்வெட்டொளியை நான் விரும்புவதில்லை. அது முகத்தைத் தட்டையாக்கும், கண்மணியைச் சிவப்பாக்கும், எல்லாவற்றுக்கும் மேலாகப் பிள்ளையைத் திடுக்கிடச் செய்யும். ஒருமுறை திடுக்கிட்ட பிள்ளை அடுத்த முறை கமராவைக் கண்டவுடனேயே கண்களை மூடிக்கொள்ளும்.

நேரம் எது? நல்ல வெளிச்சம் காலை எட்டு மணிக்கும் மாலை நாலரை மணிக்குப் பின்னரும் கிடைக்கும். ஆயினும் பிள்ளையின் நேரமே முதன்மையானது. நித்திரை கொண்டெழுந்து, வயிறு நிறைந்து, உடம்பு கழுவி அரை மணி நேரம் ஆன பிள்ளையே படத்துக்கு உரிய பிள்ளை. பசியோடும் நித்திரைத் தூக்கத்தோடும் இருக்கும் பிள்ளையை அழகான மாலை வெயிலுக்காகக் காக்க வைப்பது வீண்முயற்சி. அன்றியும், பத்து நிமிடத்துக்கு மேல் இதனை நீட்டாதீர்கள். பிள்ளை முகஞ் சுளித்தாற் கமராவை மூடி வைத்துவிட்டு நாளைக்கு எடுக்கலாம்.

உடுப்பைப் பற்றி ஒரு வார்த்தை. புதுப் பட்டுச் சட்டையும் சரிகைக் கரையும் பிள்ளையின் கழுத்தை அராவும். பிள்ளை சட்டையை இழுப்பதிலேயே கவனமாயிருக்கும். பலமுறை தோய்த்து மென்மையான, ஒரே நிறத்துப் பருத்திச் சட்டையே மேல். நாவூறு படாதிருக்கக் கன்னத்தில் வைக்கும் கறுப்புப் பொட்டை அழிக்க வேண்டுமோ என்று என் மகள் கேட்டாள். வேண்டாம் என்றேன். இருபது வருடத்துக்குப் பின் அந்தப் பொட்டைக் கண்டு, யார் வைத்தது என்று கேட்க ஒரு காரணம் இருக்கட்டுமே!

இனி விளையாட்டு. பிள்ளையை "இரு" என்று சொல்லி இருத்த முடியாது. ஆனால் இருந்து செய்ய வேண்டிய ஒரு வேலையைக் கொடுத்தால் அது தானாகவே இருக்கும். எங்கள் சமையலறையிலேயே அதற்கான சாமான்கள் நிறைய உண்டு. ஒரு சுளகும் ஒரு பிடி பெரிய புளியங்கொட்டையும் வேண்டாம். அவை தொண்டைக்குள் போகக்கூடியவை. ஒரு சிரட்டையும் அகப்பையும் போதும். பனையோலைக் கடகம் ஒன்றை விறாந்தையில் வைத்து அதற்குள் பிள்ளையை இருத்திவிடுங்கள். அது எழுந்து வெளியே வர அரை நிமிடம் செல்லும். வந்தபின் தானாகவே மறுபடி உள்ளே ஏறும். ஏறியிறங்கும் அந்த வேலையில் அதற்கு இருக்கும் முனைப்பைப் பாருங்கள்! நாக்கு நுனி உதட்டோரத்தில் எட்டிப் பார்க்கும், புருவம் சுருங்கும். சிரித்த முகத்திலும் பார்க்க அந்த முகமே பல வேளைகளில் உண்மையானது. "சிரி, சிரி" என்று சொல்லிப் பெறும் சிரிப்புப் பல்லைக் காட்டும், கண் சிரிக்காது.

பிள்ளை உங்களை நோக்க வேண்டுமாயின், ஒளித்துப் பிடித்தலுக்கு இணையான உபாயம் வேறில்லை. கமராவின் பின்னே ஒரு விநாடி மறைந்து, ஒரு பக்கமாக முகத்தைக் காட்டுங்கள். அடுத்த முறை எந்தப் பக்கம் வரப் போகிறீர்கள் என்று பிள்ளை எதிர்பார்த்திருக்கும். சிரிப்பு வெடிப்பதற்குச் சற்று முந்திய அந்த எதிர்பார்ப்பின் கணத்தில், பிள்ளை தானாகவே அசைவற்றிருக்கும். அதுதான் கணம்! 1975இல் அந்தப் படப்பிடிப்பாளரின் கறுப்புத் துணி தம்பிக்குச் செய்தது இதையே. நாட்டிலேயே சிறந்த விளையாட்டுச் சாமானைத் தம் தலைமேல் போர்த்துக்கொண்டு, அதன் பெறுமதி அறியாமல் அவர் பிள்ளையை அதட்டினார்.

இருவர் இருந்தால் வேலை இலகு. ஒருவர் விளையாட்டுக் காட்ட, மற்றவர் படமெடுக்கலாம். விளையாட்டுக் காட்டுபவர் பிள்ளைக்கு நன்கு பழகியவராயிருக்க வேண்டும். அவர் முகம் கமராவோடு ஒட்டியபடி இருத்தல் வேண்டும். மற்றையோர் யாவரும் வாய்மூடியிருக்கட்டும். இயலுமானால் அடுப்படிக்குப் போய்த் தேத்தண்ணீர் வைக்கட்டும். இன்னொரு காரணத்துக்காகவும் இரண்டாமவர் வேண்டும். கமராவுக்குள் பார்ப்பவருக்குச் சட்டத்துக்குள் இருப்பது மாத்திரமே தெரியும். கிணற்றுக்கட்டு, மேசை விளிம்பு, மதில் என்பவற்றின் மேல் பிள்ளையை ஒரு கணமேனும் படத்துக்காக இருத்தாதீர்கள். தண்ணீர் வாளியோடு விளையாடும் பிள்ளையின் படம் அழகாயிருக்கும், ஐயமில்லை. ஆனால் வாளியில் அரையடித் தண்ணீரும் சிறு பிள்ளைக்கு ஆபத்தானது. கைநீட்டினால் எட்டும் தூரத்தில் ஒருவர் வெறுங்கையுடன் இருத்தல் அவசியம்.

படமெடுப்பவர் எங்கே இருப்பது? நிலத்தில்! வளர்ந்தோர் நின்றபடி எடுக்கும் பிள்ளைப் படங்களிற் பெரிய தலையும் சிறிய கால்களும் சீமெந்து நிலமுமே விழுகின்றன. பாயை விரித்து வயிற்றின்மேற் கிடவுங்கள். அன்றேல் படியிறங்கி முற்றத்தில் நின்று விறாந்தையிலிருக்கும் பிள்ளையை எடுங்கள். கமராவின் கண்ணும் பிள்ளையின் கண்ணும் ஒரே உயரத்தில் இருக்கட்டும். எனக்கு முழங்கால் வருத்தம் உண்டு. ஆகவே நான் படிமுறையையே கைக்கொள்கிறேன்.

கைத்தொலைபேசியில் எடுப்போரே இன்று மிகப் பலர். அவர்கள் முதலிற் செய்ய வேண்டியது அதன் கண்ணாடியைத் துடைப்பது. தேங்காயெண்ணெய் தடவிய விரல் பட்ட கண்ணாடியூடாக எடுத்தாற் படம் பனிமூட்டம் போலிருக்கும். அடுத்து, முகத்தினருகே தொலைபேசியை நீட்டாதீர்கள். மூக்குப் பெருத்துக் காதுகள் பின்வாங்கிவிடும். ஒன்றரை மீற்றர் தூரத்தில் நின்று, இரண்டு மடங்கு பெரிதாக்கும் வசதியைப் பயன்படுத்துங்கள். தொடர்ச்சியாகப் பல படங்களை எடுக்கும் வசதி பெரும்பாலான தொலைபேசிகளில் உண்டு. சிலவற்றிற் பொத்தானை அழுத்திப் பிடிக்க வேண்டும், வேறு சிலவற்றில் அதனை ஒரு பக்கமாக இழுக்க வேண்டும். பிள்ளைப் படத்துக்கு அதைவிடப் பெரிய உதவி வேறில்லை. இரவுநேரப் படத்துக்கான முறையைப் பிள்ளைக்குப் பயன்படுத்த வேண்டாம். அது சில விநாடி நேரம் பல படங்களைச் சேர்த்து ஒன்றாக்குவது. அந்நேரத்துக்குள் பிள்ளை அறையை விட்டே போய்விடும்.

தொலைபேசிக்கு வேறொரு குறையும் உண்டு. இக்காலத்துப் பிள்ளைக்கு அது படமெடுக்கும் கருவியன்று. கார்ட்டூன் காட்டும் பெட்டி. அதனைக் கண்டவுடனே "தா, தா" என்று கையை நீட்டிக்கொண்டு வரும். பத்துப் படங்களில் எட்டில் உள்ளங்கை மாத்திரமே விழும். ஒவ்வொரு படத்தையும் எடுத்தவுடன் பிள்ளைக்குக் காட்டுவதை நிறுத்திக்கொண்டாற் இத்தொல்லை பாதி குறையும். பழைய கமரா எவரிடமாவது கிடந்தால் அதனை எடுத்துத் தூசி தட்டுங்கள். பிள்ளைக்கு அது புதியதொரு பொருளாதலால் வியப்போடு பார்க்கும்.

எங்கள் புலவர்கள் இந்த இரகசியத்தை அறிந்திருந்தார்கள் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. 12ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் பாடிய குலோத்துங்கன் பிள்ளைத்தமிழ் தொட்டுப் பிள்ளைத்தமிழ் நூல்கள் பல உள. அவற்றின் பத்துப் பருவங்களை எண்ணிப் பாருங்கள். கைகளை நிலத்தில் ஊன்றித் தலைநிமிர்ந்து ஆடுவது செங்கீரை. இரு கைகளையும் சேர்த்துக் கொட்டுவது சப்பாணி. தளர்நடையிட்டு வருவது வருகை. நிலாவை விளையாட அழைப்பது அம்புலி. சிறுவீடு சிதைப்பதும், பறை கொட்டுவதும், தேர் உருட்டுவதும், ஊஞ்சலாடுவதும் பின்வருவன. வெறுமனே அசையாது அமர்ந்திருத்தல் என்றொரு பருவத்தை எவரும் வகுக்கவில்லை. செங்கீரை தொட்டு அம்புலி வரையிலான பருவங்களுக்கு ஒவ்வொரு படமாக எடுத்து வைத்தாலே ஓர் அழகான தொகுப்பாகிவிடும்.

எங்கள் வீட்டுச் சடங்குகளும் அவ்வாறே. முதற்பல் முளைத்தபின் செய்யும் பல்லுக்கொழுக்கட்டையை எடுத்துக்கொள்வோம். பிள்ளையைப் பாயில் இருத்தி, தலையில் வெள்ளைத் துணி விரித்துக் கொழுக்கட்டைகளைச் சொரிவார்கள். முன்னே தட்டில் புத்தகம், பேனா, நகை முதலியவற்றைப் பரப்பி வைத்து எதனை எடுக்கிறது என்று பார்ப்பார்கள். அந்தக் கை தட்டை நோக்கி நீளும் கணத்துக்கு இணையான படம் வருடம் முழுவதும் கிடையாது. ஆயினும் வந்தோர் யாவரும் எழுந்து நின்று மேலிருந்து எடுப்பதால் உச்சந்தலையும் வெள்ளைத் துணியுமே விழுகின்றன. தட்டுக்கு அப்பால், பாயின் அடுத்த முனையில், சொரிவதற்கு முன்னரே ஒருவர் இடம்பிடித்து அமர்ந்துகொள்ள வேண்டும்.

புறநடையொன்று உண்டு: கடவுச்சீட்டுப் படம். அங்கே மாத்திரம் பழைய சட்டம் இன்னும் ஆட்சி செய்கிறது. நேர்முகம், வெறும் பின்னணி, நிழலின்மை என்று எல்லாம் வேண்டும். புகைப்பட நிலையத்துக்குப் பிள்ளை நித்திரை முடிந்து வரும் நேரத்தில் செல்லுங்கள். கூட்டமான சனிக்கிழமை மாலையைத் தவிருங்கள். தாய் கதிரையில் இருந்து, தன்மேல் வெள்ளைத் துணியைப் போர்த்து, பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ளும் முறை இங்கே உதவும். தாயின் விரல்கள் துணிக்கு வெளியே தெரியலாகாது. நூற்றாண்டுக்கு மேற்பட்ட அந்தப் பழைய உபாயம் எங்கள் காலத்துக்கும் வந்து சேர்ந்ததைப் பாருங்கள்! நாட்டுக்கு நாடு விதி வேறுபடும். பிரித்தானியக் கடவுச்சீட்டுக்கு ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளை கமராவை நேரே பார்க்க வேண்டியதில்லை. ஒரு வயதுக்குட்பட்டது கண் திறந்திருக்க வேண்டியதுமில்லை. அங்குள்ள எம்மவர்கள் இதனை அறியாது பிள்ளையை வருத்துவதைக் கேள்விப்பட்டிருக்கிறேன்.

எடுத்த படங்களை என்ன செய்வது? நாற்பது எடுத்தால் மூன்று தேறினாற் போதும். அந்த மூன்றையும் கடதாசியிற் பதிப்பித்துக்கொள்ளுங்கள். தொலைபேசி தண்ணீரில் விழும், களவு போகும், ஒரு நாள் திறக்காமலே போகும். இக்காலத்துப் பளபளப்பான தாளின் பின்புறத்திற் பென்சில் ஏறாது. மெல்லிய முனையுள்ள நிரந்தர மைப் பேனாவால் ஓரத்திலே பெயர், திகதி, இடம் எழுதி, மை உலர்ந்த பின்னர் அடுக்கி வையுங்கள். பசைத்தாள் அல்பங்கள் எங்கள் ஈரக்காற்றிற் படங்களைப் பிடித்துக்கொண்டு விடமாட்டா; மூலை செருகும் அல்பமே நன்று. ஒவ்வொன்றிலும் இரண்டு பிரதிகள் எடுத்து, ஒன்றை வேறோர் ஊரிலுள்ள உறவினர் வீட்டில் வைத்துவிடுங்கள். 2004ஆம் ஆண்டுச் சுனாமியில் கரையோர வீடுகளோடு அல்பங்களும் போன கதைகளைக் கேட்டவர்களுக்கு நான் காரணம் சொல்லத் தேவையில்லை.

எங்கள் வீட்டுக் கதையும் அதுவே. தம்பி 1981இல், ஏழு வயதில், நெருப்புக் காய்ச்சல் கண்டு இறந்துபோனான். சுவரில் மாட்டிய அந்தத் தெளிவான படத்துக்கு அம்மா நாள்தோறும் பூ வைப்பார். 1995 ஒக்ரோபர் 30ஆம் நாள் இரவு வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது நாங்களும் மழையில் நனைந்தபடி தென்மராட்சிக்கு நடந்தோம். திரும்பி வருவோம் என்ற எண்ணத்தில் படத்தைச் சுவரிலேயே விட்டு வந்தோம். அடுத்த வருடம் திரும்பியபோது சுவர் இருந்தது, படம் இருக்கவில்லை, அலுமாரியும் அல்பமும் இருக்கவில்லை. அம்மம்மா தம் கொட்டைப்பெட்டியைத் திறந்து, வெற்றிலைக்கும் மருந்துச் சீட்டுக்கும் அடியிலிருந்து அந்தப் பழுதான படத்தை எடுத்து அம்மாவின் கையிற் கொடுத்தார்.

அதிலே கதிரையின் கையைப் பற்றிய சிறு விரல்கள் தெளிவாக இருக்கின்றன. பாதங்கள் தெளிவாக இருக்கின்றன. முகம் மாத்திரம் இரண்டாகக் கலங்கி, இரண்டும் சிரிக்கின்றன. தம்பியின் படமென்று எங்களிடம் இருப்பது அது ஒன்றே. அம்மா அதனை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "சுவரிலை இருந்தது ஆரோ ஒரு பிள்ளை. இவன்தான் என்ரை பிள்ளை" என்றார்.

சென்ற மாதம் என் பேரனை முன் விறாந்தையிற் படமெடுத்தேன். அவனுக்கு இருபது மாதம். மகள் கடகத்தின் பின்னே ஒளித்திருந்து எழுந்தாள். நான் படியிலிருந்து எடுத்தேன். நாற்பத்தியிரண்டு படங்களில் இரண்டு வாய்த்தன. பதிப்பித்த படமொன்றை அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவருக்கு இப்போது கண்பார்வை மங்கல். படத்தை யன்னலோரம் பிடித்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு உயர்த்தி, நெருங்கிப் பார்த்தார். முகம் தெளிவு, கண்ணில் முற்றத்து ஒளி, கைதட்டிய இடக்கை மாத்திரம் ஒரு வெள்ளைக் கலங்கலாக இருந்தது. அம்மா அந்தக் கலங்கலின் மேல் விரலை வைத்தார்.

"இவனும் ஆடியிருக்கிறான், பிள்ளை" என்றார். பின்னர் தலையணையின் கீழிருந்து பழைய படத்தை எடுத்து, இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொண்டார்.